24 மணி நேரத்தில் 1,600 கி.மீ.: பைக் தயார், உடம்பு தயாரா? கொல்லிமலை வாலிபர்கள் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எடப்புளி நாடு:-

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளில் எடப்புளி நாடும் ஒன்று. இங்கிருந்து சமவெளிக்கு இறங்க வேண்டும் என்றால் மலைப்பாதைதான். காரவள்ளி அடிவாரம் வரையிலான பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வெளியூர்க்காரர்கள் இந்த வளைவுகளில் ஓட்டுவதற்காகவே லீவு போட்டு வருகிறார்கள். மலைவாசிகளுக்கோ ஆஸ்பத்திரி, காலேஜ், சந்தை என்று எதற்கு இறங்கினாலும் இதே வளைவுகள்தான்.

இந்த வளைவுகளில் பழகிய வாலிபர்களுக்கு 'கன்னியாகுமரி டூ காஷ்மீர்', 'லடாக் ட்ரிப்', 'ஒரே நாளில் 1,000 மைல்' என்று நீண்ட தூர பைக் பயண ஆசை வந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. செல்போனை திறந்தாலே யாராவது ஒருவர் பைக்கில் இமயமலை ஏறிக்கொண்டு இருக்கிறார். ஆனால் 70 வளைவு ஓட்டத்தெரிந்த கைக்கும், விடிய விடிய ஹைவேயில் ஓட்டுகிற உடம்புக்கும் சம்பந்தம் கிடையாது. இதற்கு தனி தயாரிப்பு வேண்டும். அதுபற்றிய விவரம் வருமாறு:-

இரும்பு பிட்டம்

அமெரிக்காவில் 'அயர்ன் பட் அசோசியேஷன்' என்று ஒரு அமைப்பு உள்ளது. தமிழில் சொன்னால் 'இரும்பு பிட்டம் சங்கம்'. சிரிப்பு வந்தாலும் பெயர் பொருத்தமானது. நீண்ட நேரம் சீட்டில் உட்கார முடிகிறவர்களுக்கான சங்கம் அது. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கி.மீ. ஓட்டினால் 'சேடில்சோர்' என்று சான்றிதழ் தருகிறார்கள். 36 மணி நேரத்தில் 1,500 மைல் ஓட்டினால் அதற்கு வேறு சான்றிதழ். இவர்கள் நடத்தும் பெரிய போட்டியில் 11 நாட்களில் 11,000 மைல் வரை ஓட்டுகிறார்கள். முதல் போட்டி 1984-ல் நடந்தது.

சும்மா 'ஓட்டினேன்' என்று சொன்னால் சான்றிதழ் கிடைக்காது. கிளம்பும்போது சாட்சி, முடிக்கும்போது சாட்சி, வழியில் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு பில், கிலோமீட்டர் கணக்கு எல்லாம் கொடுக்க வேண்டும். இந்தியாவிலும் பலர் இந்த சான்றிதழை வாங்கி இருக்கிறார்கள்.

1,610 கி.மீ. என்றால் எவ்வளவு தூரம்? நாமக்கல்லில் இருந்து சேலம், பெங்களூரு, கர்னூல் வழியாக ஐதராபாத் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அதே ரோட்டில் நாமக்கல் திரும்பி வந்தால் ஏறக்குறைய அந்த தூரம் வரும். அதையும் இன்று காலை 5 மணிக்கு கிளம்பி நாளை காலை 5 மணிக்குள் முடிக்க வேண்டும்.

கணக்கு உதைக்குது

இங்கேதான் வாலிபர்கள் ஒரு கணக்கை போட்டுப் பார்க்க வேண்டும்.

1,610-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 67 கி.மீ. வருகிறது. 'இவ்வளவுதானா, நம்ம வண்டி 100 போகுமே' என்று தோன்றும். ஆனால் நிற்கிற நேரமும் அந்த 24 மணிக்குள்தான் அடங்கும். பெட்ரோல் போட 4, 5 தடவை நிறுத்த வேண்டும். சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், செயினுக்கு ஆயில், கொஞ்சம் கண் அயர்வது எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் போய்விடும். மிச்சம் இருப்பது இருபதரை மணி நேரம். அப்படியானால் சக்கரம் உருளும் நேரம் முழுக்க சராசரியாக மணிக்கு 78 கி.மீ.க்கு மேல் போக வேண்டும்.

மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி நான்குவழிச்சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. நகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற ரோடுகளிலும் 60 கி.மீ. மாநிலங்கள் இதைவிட குறைத்தும் வைக்கலாம். உச்ச வேகமே 80 என்கிறபோது சராசரி 78 எப்படி வரும்? சுங்கச்சாவடி நெரிசல், ஊருக்குள் வேகத்தடை, குறுக்கே வரும் மாடு, எதிர்திசையில் வரும் டிராக்டர் எல்லாம் இல்லாமல் ஒரு ரோடு இருந்தால்தான் வரும். அப்படி ரோடு நம் ஊரில் இல்லை.

அமெரிக்காவில் பல நெடுஞ்சாலைகளில் மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் போக சட்டமே அனுமதிக்கிறது. அந்த ரோட்டுக்கு போட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒன்று சட்டத்தை மீற வேண்டும், இல்லாவிட்டால் தூக்கத்தை விட வேண்டும். பெரும்பாலும் இரண்டும் நடக்கும். 'நான் 18 மணி நேரத்தில் முடித்தேன்' என்று யாராவது சொன்னால் அவர் எந்த வேகத்தில் போயிருப்பார் என்று நீங்களே கணக்கு போட்டுக்கொள்ளலாம்.

ரோட்டில் அனுமதி இல்லாமல் வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகன சட்டத்தின் 189-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். யூடியூபர் டி.டி.எப்.வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கியதும், அடுத்த மாதமே அவரது டிரைவிங் லைசென்சு 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். லைசென்சை நம்பி பிழைக்கிற டிரைவர், டெலிவரி வேலை பார்க்கிற பையன் போன்றவர்களுக்கு 10 வருடம் என்பது பிழைப்பே போன மாதிரி.

எனவே முதல் தடவை நீண்ட தூரம் போகிறவர்கள் பகலில் மட்டும் ஓட்டி, நாள் ஒன்றுக்கு 500 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே சரி. நின்று நிதானமாக சராசரி 50 போனால் 10 மணி நேரம். காலை 5 மணிக்கு கிளம்பினால் மாலை வெளிச்சம் இருக்கும்போதே ரூம் போட்டுவிடலாம். 8 நாளில் 4,000 கி.மீ. ஆகிவிடும். காஷ்மீர் என்ன ஓடியா போகப்போகிறது?

தூக்கம்தான் எமன்

நாமக்கல் லாரிக்கு பெயர் போன ஊர். இங்கே பாடி கட்டாத லாரி இல்லை, இந்த ஊர் டிரைவர் போகாத மாநிலம் இல்லை. நைட் வண்டி ஓட்டுகிற எந்த டிரைவரை கேட்டாலும் பயப்படுகிற நேரம் விடியற்காலை 2 மணி முதல் 5 மணி வரை என்பார். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அந்த நேரத்தில் தூங்கச்சொல்கிறது. மதியம் 2 மணியில் இருந்து 4 மணி வரையும் அதேபோல ஒரு சொக்கல் வரும். சோறு சாப்பிட்டதால் மட்டும் அல்ல, சாப்பிடாவிட்டாலும் வரும்.

தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருந்தால் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு மூளை மந்தமாகிறது என்றும், 24 மணி நேரம் தூங்காவிட்டால் அது 0.10 சதவீதத்துக்கு சமம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து உள்ளனர். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம், அதாவது 0.03 சதவீதம். ஆக, ஒரு சொட்டு குடிக்காமல் ராத்திரி முழுக்க கண் முழித்து ஓட்டுகிறவர் போலீஸ் வரம்பைப்போல 3 மடங்கு 'குடித்தவர்' நிலையில் இருக்கிறார். ஊதச்சொன்னால் மெஷின் காட்டாது, அவ்வளவுதான்.

இதில் மோசமானது கண் திறந்தபடியே வரும் குட்டித்தூக்கம். 3, 4 வினாடிதான். தூங்கினோம் என்பதே தெரியாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகும். 4 வினாடியில் 88 மீட்டர். லாரியில் என்றால் கிளீனர் தட்டி எழுப்புவார். பைக்கில் யார் எழுப்புவது?

கடைசி 2 கி.மீ. எப்படி வந்தோம் என்று ஞாபகம் இல்லாமல் போவது, போர்டை படித்தும் மனதில் ஏறாமல் இருப்பது, காரணமே இல்லாமல் வேகம் குறைந்து கூடுவது, தலை கனப்பது இதெல்லாம் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. அப்போது முகத்தில் தண்ணீர் அடிப்பது, பாட்டு பாடுவது, எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உதவாது. வண்டியை ஓரங்கட்ட வேண்டும். ரோட்டோரம் அல்ல, வெளிச்சம் உள்ள பெட்ரோல் பங்க் உள்ளே. ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுக்கலாம். காபியில் உள்ள சரக்கு வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ஆனால் இது அடுத்த ஊரில் ரூம் தேடும் வரைக்கும்தான் தாங்கும். ராத்தூக்கத்துக்கு பதில் ஆகாது.

அந்த 'இரும்பு பிட்டம்' சங்கத்தினரே தங்கள் ஆட்களுக்கு சொல்லும் அறிவுரையில் வேகமாக போகாதே, களைப்பாக இருந்தால் நின்று தூங்கு, மருந்து மாத்திரையை நம்பாதே என்றுதான் சொல்கிறார்கள். நம் ஆட்கள் அதை விட்டுவிட்டு சான்றிதழை மட்டும் பார்க்கிறார்கள். ஜலதோஷத்துக்கு போடும் பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். பயண நாளில் அதை டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு என்று அது சொன்னது. சீட்டில் சாய்ந்து உட்காரும் டிரைவருக்கே 8 மணி நேரம் என்றால், காற்றிலும் வெயிலிலும் சாய மானம் இல்லாமல் உட்காரும் பைக்காரருக்கு 20 மணி நேரம் ஆகுமா?

உடம்பை பழக்குவது

நீண்ட பயணத்துக்கு குறைந்தது 2 மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரம் 200 கி.மீ., பிறகு 300, பிறகு 500 என்று தூரத்தை கூட்டிக்கொண்டே போகலாம். எடப்புளி நாட்டில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சி போய் வரலாம், அடுத்த முறை மதுரை. எந்த இடத்தில் வலி எடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சிலருக்கு இடுப்பு, சிலருக்கு கழுத்து, சிலருக்கு வலது கை மணிக்கட்டு மரத்துப்போகும். ஆக்சிலேட்டரை இறுக்கிப்பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு விரல் மரப்பு நிச்சயம்.

கிளம்புவதற்கு முந்தைய 3 ராத்திரியும் நன்றாக தூங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்வது நேர் எதிர். முந்தின நாள் ராத்திரி 1 மணி வரை பை கட்டுவது, நண்பர்களோடு பேசுவது, 4 மணிக்கு எழுந்து கிளம்புவது. அப்படி கிளம்பியவர் மதியமே 'ராத்திரி டிரைவர்' ஆகிவிடுகிறார்.

கொல்லிமலைக்காரர்களுக்கு தனியாக ஒரு சிக்கல் உண்டு. மலை மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் ஜில்லென்ற காற்றில் ஜெர்கின் போட்டு கிளம்புகிறார்கள். சேந்தமங்கலம் தாண்டியதும் வெயில் பிடிக்கிறது. உடனே ஜெர்கினை கழற்றி பையில் வைத்து பனியனோடு ஓட்டுகிறார்கள். காற்று பட்டு வியர்வை உடனுக்குடன் காய்வதால் தண்ணீர் போவதே தெரியாது. 3 மணி நேரத்தில் தலைவலி வந்து நிற்கும். கோடையில் உடம்பை மூடிய லேசான முழுக்கை சட்டைதான் நல்லது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் குடிக்க வேண்டும். மஞ்சளாக சிறுநீர் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். உப்பு சர்க்கரை கரைசல் பாக்கெட் மெடிக்கலில் கிடைக்கும், நாலைந்து பையில் இருக்கட்டும். வழியில் பரோட்டா, பிரியாணி என்று வயிறு முட்ட வெட்டினால் அடுத்த அரை மணியில் கண் சொருகும். இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று கொஞ்சம் கொஞ்சமாக சாப்பிடலாம். கொல்லிமலை வாழைப்பழம் இருக்கும்போது வேறு என்ன வேண்டும்?

உட்காரும் இடத்தில் புண் வருவதற்கு காரணம் பெரும்பாலும் ஈரமும், ஜீன்ஸ் பேண்டின் தடித்த தையலும்தான். தையல் உறுத்தாத உள்ளாடை போட்டு, ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் பாதி பிரச்சினை தீரும்.

வண்டி

பெரிய வண்டி இருந்தால்தான் முடியும் என்பது தப்பு. விசாகப்பட்டினத்தை சேர்ந்த பரத்வாஜ் தயாளா 2006-ல் கிளம்பி ஹீரோ ஹோண்டா கரிஷ்மா பைக்கிலேயே தனியாக உலகத்தை சுற்றி வந்தார். அது 223 சி.சி. வண்டி. தினமும் மலை ஏறி இறங்கும் 100 சி.சி. வண்டியும் காஷ்மீர் போகும். மெதுவாக போகும்.

ஆனால் மலையில் ஓடும் வண்டிக்கு பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின் பல்சக்கரம் மூன்றும் சமவெளி வண்டியை விட சீக்கிரம் தேயும். அதை மாற்றுவதாக இருந்தால் பயணத்துக்கு 15 நாள் முன்பே மாற்றி 400, 500 கி.மீ. ஓட்டிப்பார்க்க வேண்டும். முந்தின நாள் புது சீட், புது ஹேண்டில்பார், புது லைட் என்று எதையும் மாட்டக்கூடாது. புதிதாக மாட்டியதுதான் நடுரோட்டில் காலை வாரும். கூடுதல் லைட் மாட்டி பேட்டரி இறங்கி நிற்பவர்கள் ஏராளம்.

டயரில் தேய்மானத்தை காட்டும் சிறு மேடு ஓடுபாதை பள்ளத்துக்குள் இருக்கும். டயர் அந்த மேட்டுக்கு சமமாக தேய்ந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். காற்றை காலையில் டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில். ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், பஞ்சர் கிட் இருந்தால் போதும். வண்டி மாடல் பொதுவானதாக இருந்தால் மற்ற சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இன்சூரன்சு பேப்பரில் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்து காப்பீடு இருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். லைசென்சு இல்லாமல் ஓட்டியிருந்தால் அந்த பணம் கிடைக்காது. நண்பன் வண்டியை இரவல் வாங்கி போகிறவருக்கும் அந்த காப்பீடு பொருந்தாது என்பது குறிப்பிடத்தக்கது. பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலை போன்ற சில ரோடுகளில் பைக்குக்கு தடை உள்ளது. அங்கே 2023 ஆகஸ்டு 1 முதல் இந்த தடை அமலுக்கு வந்தது. கிளம்பும் முன் ரூட்டை பார்த்து வைத்தால் அபராதம் மிச்சம்.

அனுபவசாலிகளுக்கும் ஆபத்து

டக்கார் ராலியில் 2015-ல் கலந்துகொண்ட முதல் இந்திய பைக் வீரர் பெங்களூருவை சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ். 2021 ஜனவரியில் சவுதி அரேபியாவில் நடந்த அதே ராலியில் விழுந்து கோமா நிலைக்கு போய், பிறகு மீண்டு வந்தார். அங்கே ஹெலிகாப்டரும் டாக்டரும் தயாராக இருந்தார்கள். 2016 ஏப்ரலில் நாடு முழுவதும் பைக்கில் சுற்றிக்கொண்டிருந்த ஜெய்ப்பூர் பெண் ரைடர் வீனு பாலிவால், மத்தியபிரதேச மாநிலம் விதிஷா மாவட்டத்தில் பைக் சறுக்கியதில் உயிரிழந்தார். இவர்கள் எல்லாம் ஓட்டத்தெரியாதவர்கள் அல்ல.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் 'இன்னுயிர் காப்போம்-நம்மை காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இந்த இரண்டு நம்பரோடு ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு ஹெல்மெட் உள்ளேயோ சட்டைப்பையிலோ இருக்க வேண்டும். செல்போன் லாக் ஆகிவிட்டால் யாராலும் திறக்க முடியாது. மலை மேல் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால் வீட்டு நம்பரோடு அடிவாரத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் நம்பரையும் எழுதலாம். தினமும் ராத்திரி தங்கும் ஊர் பெயரை அம்மாவுக்கோ, வீட்டுக்காரிக்கோ சொல்லிவிட வேண்டும்.

கடைசி 70 வளைவு

சென்னைக்காரர் பயணத்தை முடித்தால் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு படுத்துவிடலாம். எடப்புளி நாட்டுக்காரருக்கு அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி களைத்து வந்து, 'வீடு வந்தாச்சு' என்று மனசு இளகும் நேரத்தில் காரவள்ளியில் இருந்து 70 வளைவு ஏற வேண்டும். கிளம்பும்போது இறங்கியதை விட இதுதான் சிரமம். கை தளர்ந்திருக்கும், கண் எரியும், கார்த்திகை மார்கழி என்றால் பனிமூட்டம் வேறு இருக்கும்.

இறங்கும்போது செய்யும் தப்பு வேறு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை ஆப் செய்து நியூட்ரலில் விடுவது மலையில் பழைய பழக்கம். அப்படி விட்டால் முழு பாரமும் பிரேக்கில் விழும். டிரம் பிரேக் சூடேறி கருகல் வாடை வரும், அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்குவது என்பது மலை டிரைவர்களின் கணக்கு. பெரும்பாலான வளைவுக்கு இரண்டாவது கியர். வளைவுக்கு முன்பே வேகத்தை குறைத்து, ஆரன் அடித்து, ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும்.

திரும்பி வரும் நாளில் ராசிபுரம் வழியாக வருபவர்கள் ஆண்டகளூர் கேட்டிலேயே மணியை பார்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக காரவள்ளி வரும்போது இருட்டிவிடும் என்றால் மலை ஏறாமல் கீழேயே சொந்தக்காரர் வீட்டிலோ, சேந்தமங்கலத்திலோ, நாமக்கல்லில் ரூம் போட்டோ படுத்துவிட்டு, காலையில் 7 மணிக்கு மேல் பனி விலகிய பிறகு ஏறினால் போதும். பெட்ரோலையும் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.